மனிதப் பரிணாம உயிரியலைப் பட்டப்படிப்பாக எடுக்கலாமா?

நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள், நான் படித்தவரையில் அதில் இரண்டு இருக்கின்றன. பள்ளி முடித்தாயிற்று, மனிதன் எப்படி வந்தான் என்பதில் தீராத ஆர்வம், மனிதப் பரிணாம உயிரியலையே பட்டப்படிப்பாக எடுக்கலாமா, அல்லது பொது உயிரியலில் சேர்ந்துவிட்டு இதைப் புத்தகங்களில் படித்துக்கொண்டால் போதுமா என்பது முதல் கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில், "வீட்டில் எல்லோரும் அதெல்லாம் ஊகம்தானே, நாலு எலும்பை வைத்துக்கொண்டு கதை சொல்கிறார்கள் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அந்தக் கடைசி வரி என்று தோன்றுகிறது. சில வருடங்களைக் கொடுத்துப் படித்தபிறகு கையில் மிஞ்சுவது அறிவா, கதையா? இது தெளிவானால் சேர்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பும் உடற்கூறும் என் வேலை. இருபது வருடத்துக்கும் மேலாக முதலாண்டு மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லித் தருகிறேன். பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்ததில்லை, அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்தும் சக ஆசிரியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதல் வாரமே மேசைமேல் இரண்டு தொடையெலும்புகளை வைப்பேன், இரண்டுமே வார்ப்புகள்தான், அதாவது அசல் எலும்பைப் போல அச்சில் செய்த நகல்கள். ஒன்று மனிதனுடையது, இன்னொன்று சிம்பன்சியுடையது. தொடையெலும்பின் கீழ்முனையில், முழங்காலில் வந்து உட்காரும் இடத்தில், இரண்டு உருண்டையான புடைப்புகள் இருக்கும். இரண்டும் மேசையைத் தொடும்படி எலும்பை நிறுத்திப் பிடியுங்கள் என்பேன். சிம்பன்சி எலும்பு கிட்டத்தட்ட நேராக நிற்கும். மனித எலும்பை எப்படிப் பிடித்தாலும் ஒரு பக்கம் சாயும், ஏறக்குறைய 10 பாகை அளவுக்கு. நிமிர்த்தினால் ஒரு புடைப்பு மேசையை விட்டு எழும்பிவிடும். வார்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று மாணவர்கள் முதலில் நினைப்பார்கள். அப்புறம் எழுந்து நின்று தங்கள் கால்களையே பார்க்கச் சொல்வேன். இடுப்பில் தள்ளித் தள்ளி இருக்கிற இரண்டு தொடையெலும்புகளும் முழங்காலுக்கு வரும்போது நெருங்கி வருகின்றன. ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கிற நொடியில் உடம்பின் பாரம் முழுவதும் மற்றக் காலின்மேல் நிற்க வேண்டும், அதற்கு அந்தப் பாதம் உடம்புக்கு நேர் கீழே இருந்தாக வேண்டும். சிம்பன்சிக்கு அந்தச் சாய்வு இல்லாததால் இரண்டு காலில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் ஆடி ஆடித்தான் நடக்கும்.

இப்போது 1973க்குப் போங்கள். எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் டொனால்டு ஜோஹன்சன் என்ற தொல்மானிடவியலாளருக்கு ஒரு முழங்கால் கிடைத்தது: தொடையெலும்பின் கீழ்த்துண்டும் அதோடு பொருந்துகிற கீழ்க்கால் எலும்பின் மேல்துண்டும். ஏறக்குறைய 34 லட்சம் ஆண்டு பழையது. பொருத்திப் பார்த்தால் அதே சாய்வு. மறு வருடம் அதே பகுதியில்தான் லூசி என்று உலகம் அறிந்த எலும்புக்கூடு கிடைத்தது, 32 லட்சம் ஆண்டு பழையது, உடம்பின் எலும்புகளில் ஏறக்குறைய 40 சதவீதம். அந்த இனத்தின் மூளை சிம்பன்சியுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆக, நடை முதலில் வந்தது, பெரிய மூளை வெகு காலம் கழித்து வந்தது. இதில் ஊகம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் காலத்து ஊகம் இதற்கு நேர் எதிராக இருந்தது. மனிதனை மனிதனாக்கியது மூளைதான், அதுதான் முதலில் வளர்ந்திருக்கும் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் நம்பினார்கள். 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் "கிடைத்த" பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட புதைபடிவத்தை அதனால்தான் பலர் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டார்கள். அது மனித மண்டையோடும் ஒராங்குட்டான் தாடையும் சேர்த்துச் செய்த மோசடி என்று 1953இல் நிரூபிக்கப்பட்டது. இடையில், 1925இல், சின்ன மூளையும் நிமிர்ந்த தலையும் கொண்ட டாங் குழந்தையின் (டாங் என்பது அது கிடைத்த ஊர்) மண்டையோட்டை உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் தென்னாப்பிரிக்காவிலிருந்து அறிவித்தபோது, அது வெறும் மனிதக்குரங்குக் குட்டி என்று ஒதுக்கிவைத்தார்கள். உங்கள் வீட்டில் சொல்கிற "நாலு எலும்பு" ஒரு தலைமுறை அறிஞர்களின் ஊகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறது. கதையாக மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்தத் தொடையெலும்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தச் சாய்வு மரபணுவில் எழுதி வந்ததா என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் ஆமாம் என்பார்கள். பிறந்த குழந்தையின் தொடையெலும்பில் அந்தச் சாய்வே கிடையாது. தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபிறகுதான், எலும்பின்மேல் விழுகிற பாரத்துக்கு ஏற்ப வளர்ந்து வளர்ந்து, சாய்வு உண்டாகிறது. ஏதோ காரணத்தால் நடக்கவே முடியாமல் போன குழந்தைகளுக்கு அது வருவதில்லை. அப்படியானால் ஹடார் முழங்கால் "இந்த இனத்தால் நடக்க முடியும்" என்பதோடு நிற்கவில்லை. அந்த ஒரு உயிர் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலில் நடந்து திரிந்தது என்று சொல்கிறது. எனக்கு இந்தத் துறையின்மேல் இருக்கிற பற்று இன்றுவரை குறையாததற்கு இந்த எலும்பு ஒரு காரணம். மரபு எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்க்க முடிகிறது.

சரி, இங்கே உறுதியானது எது, ஐயமானது எது? நடந்தார்கள் என்பது உறுதி. ஏன் நடக்கத் தொடங்கினார்கள் என்பது இன்னும் தீராத கேள்வி. காடு குறைந்து புல்வெளி விரிந்தது, கையில் உணவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, தாழ்ந்த கிளையில் இருந்த பழத்தை எட்டிப் பறிக்க வேண்டியிருந்தது, சக்தி மிச்சமானது என்று பல விளக்கங்கள் உண்டு. கடைசியாகச் சொன்னதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்: சிம்பன்சிகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டு 2007இல் வெளியான ஆய்வின்படி, ஒரே தூரத்தைக் கடக்க அவற்றுக்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் நமக்கு ஆகிறது. அளவு சரியானது. ஆனால் இன்றைய மனிதனின் தேர்ந்த நடைக்கான கணக்கு அது, 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால் யாரோ வைத்த முதல் தடுமாறுகிற அடிக்கு அதே மிச்சம் கிடைத்திருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் உங்களுக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பார்க்கத்தான். பொதுவாசகர் புத்தகங்களில் "எப்படி", "ஏன்" இரண்டும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வரும். வகுப்பில் இரண்டையும் பிரித்து வைக்கப் பழகுவீர்கள், புத்தகத்தில் மட்டும் படித்தால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது.

அந்த உறுதி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு என் சொந்த அனுபவமே உண்டு. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களுக்கும் நமக்கும் கலப்பே நடக்கவில்லை என்று நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். 1997இல் நியாண்டர்தால் எலும்பிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் படித்தபோது அது இன்றைய மனிதர் யாருடையதோடும் ஒத்துப்போகவில்லை, அதனால் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். 2010இல் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தாலின் முழு மரபணுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களின் டிஎன்ஏவில் ஏறக்குறைய 2 சதவீதம் அவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. (அவருக்கு 2022இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) 1997 தரவில் தவறே இல்லை, இன்றும் அது செல்லும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியில் மட்டும் வருவது, ஒரு பெண்ணுக்கு மகள்கள் இல்லாவிட்டால் அவளுடையது அங்கேயே அறுந்துபோகும், அதை மட்டும் வைத்துக் கலப்பே இல்லை என்று முடிவுகட்டியதுதான் அளவுக்கு மீறிய பேச்சு. அதே 2010இல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரலெலும்பின் சின்னத் துண்டிலிருந்து, அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு மனிதக் கூட்டமே வெளியே வந்தது. திபெத்திய மக்கள் உயரமான மலைகளில் குறைந்த ஆக்சிஜனில் வாழ உதவுகிற ஒரு மரபணு வடிவம் அந்த டெனிசோவன்களிடமிருந்து வந்தது என்று 2014இல் காட்டினார்கள். இப்போது வகுப்பில் இதைச் சொல்லும்போது என் பழைய விடையையும் சொல்லித்தான் தருகிறேன்.

இன்னோர் உதாரணம் பால். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும், தாய்ப்பால் மறந்தபிறகு பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும், உலகில் வளர்ந்தவர்களில் பெரும்பான்மையினருக்கும் அப்படியே. சிலருக்கு மட்டும் அது குறைவதில்லை. அதற்குக் காரணமான சடுதிமாற்றம், அதாவது டிஎன்ஏவில் திடீரென்று நேரும் மாற்றம், ஐரோப்பாவில் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களிடம் வேறு சில, தனித்தனியாகத் தோன்றி, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் மளமளவென்று பரவியிருக்கின்றன. இயற்கைத் தேர்வு மனிதனிடம் அண்மைக்காலம்வரை வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதிகம் இல்லை. ஆனால் ஏன் அவ்வளவு வேகம்? பால் நல்ல உணவு, குடிக்க முடிந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவோம். பழைய பானைத் துண்டுகளில் ஒட்டியிருந்த பால்கொழுப்பையும் பழைய டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்த 2022 ஆய்வு, ஐரோப்பாவில் இந்தச் சடுதிமாற்றம் பரவலாவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் தாராளமாகப் பால் பயன்படுத்தினார்கள் என்று காட்டியது. பஞ்சமும் நோயும் வந்த காலங்களில்தான், செரிக்காத பாலால் வரும் வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாகி, வித்தியாசம் உண்டாகியிருக்கும் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அது நம்பத்தகுந்ததாகப் படுகிறது, முடிந்துபோன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த உதாரணத்தில் பானை ஆராய்ச்சி, வேதியியல், மரபியல், மருத்துவம், புள்ளியியல் எல்லாம் ஒன்றாக வந்ததைக் கவனித்திருப்பீர்கள். படிப்பும் அப்படித்தான் இருக்கும். உடற்கூறு, உடலியங்கியல், மரபியல், குரங்கினங்களின் நடத்தை, பழங்காலச் சூழல், வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் மக்களைப் பற்றிய ஆய்வுகள் என்று பரந்து போகும். கணக்கு எனக்கு ஒத்துவராது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்: புள்ளியியல் இல்லாமல் இந்தத் துறையில் நிற்க முடியாது. எங்களுக்குக் கிடைக்கும் புதைபடிவங்கள் மிகக் குறைவு, சில இனங்களுக்கு ஒரு பல்லும் ஒரு தாடையும்தான் இருக்கும், அப்படிப்பட்ட சின்ன எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லித் தருவது புள்ளியியல்தான். பயப்பட வேண்டாம், பள்ளிக் கணக்கு மாதிரி இருக்காது. ஒரு கேள்வியோடு போனால் புள்ளியியல் பிடித்துப்போகும், என் மாணவர்கள் பலருக்கு அப்படி நடந்திருக்கிறது. முதல் வருடத்திலேயே ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில் கொஞ்சம் எழுதப் பழகிவிடுங்கள், பிறகு அது எங்கேயும் கைகொடுக்கும்.

தெரிந்துகொண்டு சேர வேண்டிய இன்னொன்று, இந்தத் துறையின் பழைய பாவம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்து, அளந்து, மனிதரை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார்கள். அந்த மண்டையோடுகள் பலவற்றை யாருடைய சம்மதமும் கேட்காமல் எடுத்துவந்தார்கள். அந்த வரிசை பொய் என்பதற்கு ஆதாரம் தந்ததும் பிறகு வளர்ந்த இதே அறிவியல்தான்: மனிதருக்கிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்டு லெவான்டின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார், பிறகு வந்த விரிவான தரவுகளும் அதையே சொல்கின்றன. நல்ல துறையில் இதை மறைக்காமல் முதல் பருவத்திலேயே சொல்லித் தருவார்கள். எலும்பைக் கையில் எடுக்குமுன் அது யாருடையது, எப்படி இங்கே வந்தது என்று கேட்கவும் பழக்குவார்கள். நான் வார்ப்புகளை வைத்துப் பாடம் நடத்துவதும் அதனால்தான்.

இன்றைய நடத்தையைப் பழங்கால வாழ்க்கையோடு முடிச்சுப் போடும் பேச்சில் மட்டும் ரொம்ப எச்சரிக்கையாக இருங்கள். ஆண்கள் வேட்டைக்குப் போனார்கள், அதனால் இன்று இப்படி. பெண்கள் கிழங்கு தோண்டினார்கள், அதனால் இன்று அப்படி என்று ஆன்லைனில் ஓடுவதில் பெரும்பகுதி ஆதாரம் மிக மெலிந்தது. நடத்தை எலும்பில் அவ்வளவாகப் பதிவதில்லை. பதிந்தாலும் படிப்பது கடினம்: தென்னாப்பிரிக்கக் குகை ஒன்றில் கிடைத்து 2015இல் அறிவிக்கப்பட்ட ஹோமோ நலேடி இனத்தார் இறந்தவர்களைப் புதைத்தார்கள் என்று கண்டுபிடித்தவர்களே 2023இல் எழுதினார்கள், அதை மதிப்பிட்ட வல்லுநர்கள் பலர் ஆதாரம் போதாது என்றார்கள். அந்த இரண்டு தரப்பு வாதங்களையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சேர்வதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். சலிப்பாக இருந்தால் இந்தப் படிப்பு சலிக்கும். இரவு தூங்காமல் படித்தீர்கள் என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வேலை விஷயம். படித்துவிட்டு இதே துறையில் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ நிரந்தர இடம் பிடிப்பவர்கள் குறைவு, முனைவர் பட்டம் வாங்கியவர்களிலும் குறைவுதான். இதை மறைத்து யாரையும் சேர்க்க எனக்கு மனம் வராது. என்னிடம் படித்தவர்கள் மருத்துவத்துக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் போயிருக்கிறார்கள், மரபியல் ஆய்வகங்களில் இருக்கிறார்கள், அருங்காட்சியகத்தில், அடையாளம் தெரியாத எலும்புகளை ஆராயும் தடயவியலில், தரவுப் பகுப்பாய்வில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியது எலும்புப் பெயர்களைவிடப் புள்ளியியலும் எழுத்துப் பழக்கமும்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மனிதப் பரிணாம உயிரியல் என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு தருகிற பல்கலைக்கழகங்கள் உலகில் குறைவு. ஹார்வர்டில்கூட இது 2009இல்தான் மானிடவியலிலிருந்து பிரிந்து தனித்துறையானது. பெரும்பாலான இடங்களில் இதை உயிரியல் வழியாகவோ மானிடவியல் வழியாகவோதான் படிக்க முடியும். உயிரியல் வழியில் போனால் மரபியலும் ஆய்வகப் பழக்கமும் வலுவாக அமையும், வேறு பக்கம் திரும்ப நினைத்தால் கதவுகளும் அதிகம். மானிடவியல் வழியில் எலும்பும் களப்பணியும் மனிதரை மனிதராகப் பார்க்கும் பழக்கமும் கிடைக்கும். உங்கள் நிலையில் நான் இருந்தால், தனிப் பட்டமாகக் கிடைத்து அதில் மரபியல், உடற்கூறு, புள்ளியியல் மூன்றும் கட்டாயப் பாடமாக இருந்தால் தயங்காமல் சேர்வேன். மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தால் உயிரியலில் சேர்ந்து, பரிணாமத்தையும் மானிடவியலையும் விருப்பப்பாடமாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டிலேயே ஏதாவது ஓர் ஆய்வகத்தின் கதவைத் தட்டி, எலும்பு துடைக்கிற வேலையானாலும் பரவாயில்லை என்று கேட்பேன். பெயரை மட்டும் பார்த்துச் சேர வேண்டாம். மூன்று வருடத்துக்கான பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வு செய்ய வழியிருக்கிறதா என்று கேளுங்கள். எந்தெந்தத் துறையில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது என்று எழுதினால், பாடப்பட்டியலைப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.